மறிக்கவே பிறந்த சவரிராயன்

எழுபதுகளில் மேலப்புதூர் சவரிராயனைத் திட்டாத வாய் திருச்சியில் இல்லை. எதிர் டீம்காரன் திட்டினான், அதில் நியாயம் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவன் திட்டினான், விசில் ஊத வந்த ரெஃப்ரி திட்டினார், சொந்த டீமில் கூட ஆடியவர்களும் திட்டினார்கள். கூடைப்பந்து என்றால் பந்தைக் கூடையில் போடுவது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் இது. போட வருகிறவனைப் போட விடாமல் செய்வதும் அதே விளையாட்டில் பாதி என்று சொன்னால் யார் காதில் ஏறியது?

ஐந்தடி எட்டங்குலம்தான் சவரி. கூடைப்பந்துக்கு அது ஒரு உயரமே இல்லை. குறி பார்த்துப் போடுவதும் சுமார்தான். ஆனால் எதிர் டீமில் யார் கெட்டிக்காரன் என்று அவனுக்குக் கையைக் காட்டிவிட்டால் போதும், அந்தக் கெட்டிக்காரனுக்கு அன்றைக்கு நாற்பது நிமிஷமும் நிம்மதி கிடையாது. சவரி ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான், பந்தைப் பார்க்க மாட்டான், இடுப்பையே பார்ப்பான். கண்ணும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு திரும்புகிற பக்கம்தான் மனுஷன் போயாக வேண்டும் என்பது அவன் கண்டுபிடிப்பு. வலது கைக்காரனை இடது பக்கமாகவே நெருக்கிக்கொண்டு போவான். சாயங்கால மேட்ச் என்றால் வெயில் கண்ணில் அடிக்கிற மூலைக்கு ஓட்டிவிடுவான். பந்து வருவதற்கு முன்னால் குறுக்கே ஒரு கை நிற்கும். வந்த பிறகு அரையடி தூரத்தில் ஆளே நிற்பான். பத்தாவது நிமிஷத்தில் எதிராளிக்குக் கோபம் வரும். கோபம் வந்தவன் பந்தைத் தொலைப்பான்.

இதற்காக ஊர் அவனுக்குக் கொடுத்த பட்டம் அட்டை. மைதானத்துக்குள் கால் வைக்கும்போதே "அட்டை வந்துட்டாண்டா, உப்பு கொண்டாங்கடா" என்று சத்தம் கிளம்பும். ஸ்ரீரங்கத்தில் ஒரு மேட்சில் சோடா மூடியை விட்டெறிந்தார்கள். காதுக்கு மேலே கிழிந்து மூன்று தையல். மறுநாள் பிளாஸ்திரியோடு வந்து அதே ஆளை மறித்தான். பிராண்டுகிறான் என்று புகார் வந்து வந்து, மேட்ச் தொடங்குமுன் அவன் கையை மட்டும் ரெஃப்ரி வாங்கி நகம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சவரி நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, கேட்பதற்கு முன்னாலேயே பத்து விரலையும் நீட்டுவான். அந்த நீட்டலில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது. அதையும் ஊர் கவனித்து வைத்திருந்தது.

எழுபத்து நாலில், இருபத்திரண்டு வயதில், அவனுக்கு ஜெயரத்னா வால்வ் கம்பெனியில் வேலை கிடைத்தது. துவாக்குடிப் பக்கம் இருந்த கம்பெனி. முதலாளிக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். மெட்ராஸ் கம்பெனிகளைத் தோற்கடித்துக் கப்பை ஆபீஸ் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகப் பன்னிரண்டு விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுத்தார். காலை ஏழு மணிக்குக் கார்டு போட வேண்டும். மூன்று மணி வரை வேலை, மூன்றுக்கு மேல் மைதானம். சவரிக்கு டெஸ்டிங் ஷெட். புது வால்வில் தண்ணீரை அழுத்தி ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கிற வேலை.

பன்னிரண்டு பேரும் டெம்பரவரியாகத்தான் சேர்ந்தார்கள். யாரைப் பெர்மனென்ட் ஆக்குவது என்று முடிவு செய்கிறவர் பர்சனல் ஆபீசர் ஜம்புநாதன், திருவானைக்காவல்காரர். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற ஆளும் இல்லை. ஒரு விதி போட்டார். மே மாத டோர்னமென்ட் எல்லாம் முடிந்ததும் ஸ்கோர் புக்கை வரவழைப்பார். மேட்சுக்குச் சராசரி பத்துப் பாயிண்ட் போட்டவனுக்கு ஆர்டர். போடாதவனுக்கு அடுத்த வருஷம்.

ஆர்டரைக் கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆடிப்பெருக்கன்று கம்பெனியே முக்கொம்புக்குப் போகும். நாலு லாரியில் ஆள், ஒரு லாரியில் புளியோதரை, தயிர்சாதம். காவேரியில் புது வெள்ளம் போய்க்கொண்டிருக்க, மரத்தடியில் நாற்காலி போட்டு முதலாளி உட்காருவார். ஜம்புநாதன் பேர் வாசிப்பார். வாசிக்கப்பட்டவன் போய்க் கவரை வாங்கிக்கொண்டு வருவான், எல்லாரும் கை தட்டுவார்கள். எழுபத்தைந்தில் ஐந்து பேர் வாங்கினார்கள். எழுபத்தாறில் நாலு பேர். எழுபத்தேழில் மிச்சம் இருந்ததில் இரண்டு பேர். சவரி மூன்று வருஷமும் கை தட்டினான்.

எழுபத்தேழில் நேராக ஜம்புநாதன் அறைக்கே போய்க் கேட்டான்.

"சார், நான் யாரை மறிச்சேன், அவன் வழக்கமா எத்தன போடுவான், என் முன்னாடி எத்தன போட்டான், அதப் பாருங்க சார்."

ஜம்புநாதன் ஸ்கோர் புக்கைத் திருப்பிக் காட்டினார். "இதுல எங்கப்பா இருக்கு அது? பாயிண்டுக்குக் கட்டம் இருக்கு. பவுலுக்குக் கட்டம் இருக்கு. நீ சொல்றதுக்குக் கட்டம் இல்லையே. உன் பேருக்கு நேரா என்ன இருக்கு பாரு. மேட்சுக்கு ரெண்டு பாயிண்ட், நாலு பவுல். இதை வெச்சுக்கிட்டு முதலாளிகிட்ட நான் எப்படிப் போய் நிப்பேன்?"

புத்தகம் பொய் சொல்லவில்லைதான். உலகத்தில் எங்கே போனாலும் அந்தப் புத்தகத்தில் மறிக்கிறவன் பேருக்கு நேரே பவுல் மட்டும்தான் விழும். அவன் செய்த தப்பை எழுத இடம் உண்டு, செய்த வேலையை எழுத இடம் கிடையாது. இந்த அநியாயத்தைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனைச் சவரியின் முன்னால் நாற்பது நிமிஷம் நிறுத்தியிருக்க வேண்டும்.

பெர்மனென்ட் ஆவது சவரிக்கு வெறும் கௌரவம் இல்லை. அவனுடைய பெண்டாட்டியே அந்தக் காகிதத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு தையில் லால்குடிக்குப் பக்கத்தில் புறத்தாக்குடியில் அக்னஸைக் கட்டினான். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை என்று தரகர் சொன்னதைக் கேட்டு மாமனார் அற்புதசாமி பெண்ணைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் போன இடத்தில்தான் டெம்பரவரி என்கிற விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. குழந்தை பிறந்து மூன்று மாசம் ஆனதும் கூட்டிப்போக வந்தவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"பந்து வெளயாடற வேலைய நம்பி ஒருத்தரு பொண்ண அனுப்புவாரா? பெர்மனென்ட் ஆர்டரக் கொண்டாந்து காட்டுங்க மாப்பிள்ளை, அன்னிக்கே வண்டி கட்டி அனுப்பறேன்."

அக்னஸ் உள்ளேயிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சொன்னதில் அவளுக்குச் சம்மதம். அதுதான் சவரியை அதிகம் சுட்டது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பூசை பார்த்துவிட்டு லால்குடி பஸ் பிடித்துப் போய், மகளை இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்புவான். திங்கள், செவ்வாய்களில் எதிரே நிற்பவன் தொலைந்தான்.

அந்த டீமில் ராஜா மாதிரி இருந்தவன் அழகியமணவாளன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. ஆறடி ஓரங்குலம். பந்து அவன் கையை விட்டுப் போகிற அழகைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் காலேஜிலிருந்து கூட்டம் வரும். அதைக் குறை சொல்ல முடியாது, போட்டால் விழும். முதல் வருஷமே ஆர்டர் வாங்கியவன். ஆனால் அவன் போட்டதில் பாதி சவரி பிடுங்கிக் கொடுத்தது. எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டியதும், சவரி திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது மூலைக்கு எறிவான். அங்கே மணவாளன் நிற்பான், தூக்கிப் போடுவான். மணவாளன் பேருக்கு நேரே இரண்டு என்று புத்தகத்தில் விழும். தட்டிக் கொடுத்தவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையாட்டியிருப்பானா? இல்லை. ஏழைக்கு யாரும் கதவைத் திறந்துவிடுவதில்லை, பெரிய மனுஷனுக்குத் திறப்பார்கள், அவன் நேரே பார்த்துக்கொண்டு உள்ளே போவான். அப்படித்தான் போனான்.

எழுபத்தொன்பது மே மாதம் கம்பெனி முதன்முதலாக மெட்ராஸ் டீம் ஒன்றைப் பைனலில் ஜெயித்தது. அந்த டீமில் ஒரு சர்தார்ஜி இருந்தான், முப்பதுக்குக் குறைந்து போட்டதே இல்லை. சவரி அவனை ஐந்தில் நிறுத்தினான். அழவே வைத்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கப் வந்தது, முதலாளி எல்லாரையும் கட்டிப் பிடித்தார். சவரிக்கு முன்னால் வந்தபோது ஜம்புநாதன் அவர் காதில் ஏதோ சொன்னார். "அஞ்சு பவுல் வாங்கி வெளிய வந்தது நீதானா? கொஞ்சம் டீசன்டா ஆடுப்பா" என்றார் முதலாளி.

பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள். சவரி ஒருவன்தான் பாக்கி. ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கையில் தன்மானத்தை மென்று விழுங்கிக்கொண்டு மணவாளனிடம் போனான். கான்டீனில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான் அவன்.

"மணா, நீ ஒரு வார்த்த சொன்னா முதலாளி கேப்பாரு. நான் எத்தன பந்து எடுத்துக் குடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியும். அத மட்டும் சொல்லு."

மணவாளன் சிரித்தான். "எதைச் சொல்லச் சொல்றே? நீ பண்றதுக்கு விளையாட்டுன்னா பேரு? விளையாட வந்தவன விளையாட விடாம கழுத்த நெரிச்சிண்டு நிக்கறே. போலீஸ்ல சேர வேண்டியவன் நீ. இதுக்குப் பெர்மனென்ட் வேற கேக்கறது!"

பக்கத்து மேஜையில் நாலு பேர் சிரித்தார்கள். சவரி எழுந்து வந்தான்.

பத்து நாளில் திருச்சியில் தமிழ்நாடு டீமுக்கு ஆள் எடுக்கிற ட்ரையல்ஸ். அதில் தேறினால் நேஷனல்ஸ் ஆடலாம், மெட்ராஸில் பெரிய வேலையும் நிச்சயம். மணவாளன் தேறுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதலாளியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ட்ரையல் மேட்சில் எதிர்ப் பக்கம் ஆட வேண்டிய ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆட வேண்டிய பத்துப் பேரில் ஒரு ஆள் குறைந்தது. கம்பெனி கோச் ஸ்தனிஸ்லாஸ், டீமுக்குப் பந்து தூக்கிக்கொண்டு வந்திருந்த சவரியைக் கூப்பிட்டார்.

"எண்ணிக்கைக்கு ஆள் வேணுமாம், நீ போய் நில்லு. மணா எதிர்ப் பக்கம். வழக்கம் தெரியும்ல?"

தெரியும். இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் இருந்த வழக்கம். ட்ரையல்ஸில் ஒரே கம்பெனிக்காரன் எதிரெதிரே வந்தால் ஒருவனுக்கொருவன் வழி விடுவான். மறிக்கிற மாதிரி கையைத் தூக்கிவிட்டு ஓரமாக ஒதுங்குவான். யாருக்கும் நஷ்டமில்லாத நாடகம்.

சவரிக்கு நம்பர் போட்ட பனியன்கூட இல்லை. வெறும் வெள்ளைப் பனியனோடு உள்ளே போனான். நேராக மணவாளன் முன்னால் போய்க் குனிந்து நின்றான்.

முதல் பந்து. மணவாளன் வழி கிடைக்கும் என்று நினைத்து நிதானமாக வலது பக்கம் அடி வைத்தான். அந்த இடத்தில் சவரி நின்றுகொண்டிருந்தான். பந்து போயிற்று. இரண்டாவது பந்து கைக்கே வரவில்லை. மூன்றாவது தடவை, "டேய், என்னடா பண்றே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். சவரி அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருஷமாக ஒரே டீமில் தினமும் பார்த்த இடுப்பு அது. அது எப்போது எங்கே திரும்பும் என்பது மணவாளனைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். யாரை மறித்தபோதும் சவரிக்குக் கோபம் வந்ததில்லை, அது எதிராளிக்கு வரவேண்டிய சமாசாரம். அன்றைக்கு மட்டும் வந்தது. கோபத்தோடும் தப்பில்லாமல் மறிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

நாற்பது நிமிஷத்தில் மணவாளன் போட்டது ஒரே ஒரு பாயிண்ட், அதுவும் ஃப்ரீ த்ரோவில். கடைசியில் பந்தையே கீழே போட்டு உதைத்தான். அவனைப் பார்க்கவென்று வந்த ஸ்ரீரங்கம் கூட்டம் "அட்டை, ஒழிஞ்சு போடா" என்று கத்திவிட்டு, பிறகு கத்தவும் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் வாசித்த பட்டியலில் மணவாளன் பேர் இல்லை. சவரி பேரும் இல்லை, அவன் பட்டியலுக்கே வந்தவன் இல்லையே. ஆனால் மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய கம்பெனியின் கோச், சவரி கை கால் கழுவிக்கொண்டிருந்த குழாயடிக்கே தேடி வந்தார்.

"யாருய்யா நீ? எங்க டீமுக்கு வர்றியா? ஆறு மாசத்துல பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன்."

சவரி யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேதி அன்றைக்கே முதலாளிக்குப் போய்விட்டது.

மறுநாள் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்றுதான் சவரி எதிர்பார்த்தான். டெஸ்டிங் ஷெட்டில் ஒருவன்கூட அவனிடம் பேசவில்லை. அவன் தட்டு வைத்த மேஜையிலிருந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். கூட இருந்தே குழி பறிக்கிறவன் என்றார்கள். ஆனால் ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, யாரும் கூப்பிடவில்லை. ஆடிப்பெருக்கு வந்தது. லாரியில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முக்கொம்பில் மரத்தடியில் ஜம்புநாதன் காகிதத்தை எடுத்தார். அந்த வருஷம் வாசித்தது ஒரே பேர்.

"சவரிராயன், டெஸ்டிங்."

ஒருவரும் கை தட்டவில்லை. தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சவரி போய்க் கவரை வாங்கினான். முதலாளி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன? அப்படியே மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லால்குடி பஸ் பிடித்துப் புறத்தாக்குடி போய்ச் சேர்ந்தான். மாமனார் ஆர்டரை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். மறுநாளே சொன்னபடி வண்டி கட்டினார். மேலப்புதூர் வீட்டுக்குள் மகளைத் தூக்கிக்கொண்டு அக்னஸ் நுழைந்தபோது சவரிக்கு உலகத்தையே மறித்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. மெட்ராஸ்காரருக்கு வரவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போட்டான்.

அதற்கடுத்த டோர்னமென்ட் செப்டம்பரில். டிரஸ் கொடுத்தார்கள், நம்பர் கொடுத்தார்கள். மேட்ச் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ட்ரையல்ஸுக்குத் தண்டனை போல, ஒரு மேட்சோடு போகும் என்று நினைத்தான். இரண்டாவது மேட்சும் பெஞ்ச். ஐந்தாவது மேட்சும். அதற்கப்புறம் ஸ்தனிஸ்லாஸை வழி மறித்துக் கேட்டான். அவர் நல்ல மனுஷர், ஆனால் முதலாளியின் சம்பளத்துக்கு நல்லவர்.

"உன்ன எறக்கக் கூடாதுன்னு உத்தரவு தம்பி."

"எத்தன மேட்சுக்கு சார்?"

"மேட்ச் கணக்கு இல்ல. எப்பவுமே." அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ட்ரையல்ஸ் முடிஞ்ச மறுநாள் மணா முதலாளிகிட்டப் போனான். ரெண்டு கேட்டான். உன்னப் பெர்மனென்ட் பண்ணணும்னான். எறக்கக் கூடாதுன்னான். இவன வெளிய விட்டீங்கன்னா அடுத்த வருஷம் மெட்ராஸ் டீம்ல எனக்கெதிரா வந்து நிப்பான், என்னால ஆட முடியாதுன்னு அவர்கிட்டயே சொல்லிருக்கான். கூடைப்பந்துச் சங்கத்துல உன் பேர் நம்ம டீம்ல பதிஞ்சிருக்க வரைக்கும் நீ வேற எவனுக்கும் ஆட முடியாதுல்ல?"

சவரி நேரே மணவாளனிடம் போனான். அடிக்கத்தான் போனான் என்று வைத்துக்கொள்ளலாம். மணவாளன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தான்.

"ஏண்டா இப்படிப் பண்ண?"

"கேட்டது கெடச்சுடுத்து இல்லியோ? ஆத்துக்காரி வந்தாச்சு, மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம். பேசாம உக்காந்திண்டிரு. என் நேஷனல்ஸ நீ எடுத்துண்டே. நான் உன் மைதானத்த எடுத்துண்டேன்."

அடிக்கக்கூடக் கை வரவில்லை சவரிக்கு. ஒரு அடி விழுந்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், விடுதலையும் ஆகியிருப்பான். அது பிறகுதான் அவனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அக்னஸிடம் சொன்னான். ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு மெட்ராஸ் போகிறேன் என்றான். அவள் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், சீப்பை நிறுத்தவில்லை.

"அங்க மறுபடியும் டெம்பரவரிதானே? போங்க. நான் தடுக்கல. ஆனா நான் புறத்தாக்குடிக்குப் போயிருவேன். ஒரு பொம்பள ஒரு தடவ அப்பன் வீட்டுல போயி உக்காந்தா ஊரு இரக்கப்படும். ரெண்டாந்தடவ போனா சிரிக்கும்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் காகிதத்துக்காக ஐந்து வருஷம் சண்டை போட்டவன் அவன்தானே. ராஜிநாமாவை எழுதினான், மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தான், வியர்வையில் ஊறிக் கிழிந்தது. திரும்ப எழுதவில்லை.

ஆறு வருஷம். எண்பது, எண்பத்தொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டோர்னமென்டிலும் அதே பெஞ்சின் கோடியில், சுத்தமாகத் துவைத்த பனியனும் கட்டிய லேஸுமாகச் சவரி உட்கார்ந்திருப்பான். பிராக்டிஸில் அவனுக்கு விசில் ஊதுகிற வேலை, பந்துக்குக் காற்றடிக்கிற வேலை. ஓட விடவில்லை. இடைவேளையில் மற்றவர்களுக்கு எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுப்பான். முதலில் "அட்டை எங்கடா, காஞ்சு போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டம், கொஞ்ச வருஷத்தில் அதையும் விட்டுவிட்டது. மணவாளன் டிஸ்ட்ரிக்ட் கேப்டன் ஆனான், பேப்பரில் படம் வந்தது. ஒரு பேட்டியில் உங்களுக்குச் சிம்மசொப்பனமான தடுப்பாட்டக்காரர் யார் என்று கேட்டதற்கு அப்படி யாரும் இல்லை என்று சொல்லியிருந்தான். பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

எண்பத்தைந்து மே. திருச்சியில் பைனல், எதிரே மெட்ராஸ் டீம். அவர்களுடைய பதினோராம் நம்பர் பையனுக்கு இருபத்திரண்டு வயது. ஜெயரத்னா டீமில் மாற்றி மாற்றி மூன்று பேரை அவன் மேல் விட்டார்கள். மூன்று பேரும் ஐந்து பவுல் வாங்கி வெளியே வந்து பெஞ்சில் சவரிக்குப் பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பையன் முப்பத்தெட்டுப் போட்டிருந்தான். இன்னும் நாலு நிமிஷம், இரண்டு டீமும் எழுபத்திரண்டு. மணவாளனே கையைக் காட்டி டைம் அவுட் கேட்க வைத்தான். வியர்வை சொட்டச் சொட்ட ஸ்தனிஸ்லாஸைத் தாண்டி நேரே பெஞ்சின் கோடிக்கு வந்தான்.

"சவரி, எறங்கு."

சவரி நிமிர்ந்து பார்த்தான்.

"எறங்குடா. நான் கேக்கறேன். அந்தப் பையன இங்க யாராலயும் நிறுத்த முடியல. உன்னால முடியும். நேக்குத் தெரியும் உன்னால முடியும்னு." கூட்டத்துக்கு முன்னால், முதலாளிக்கு முன்னால் குனிந்து நின்று சொன்னான். "நான் பண்ணது தப்புதான். எறங்கு."

முதலாளி பிரம்பு நாற்காலியிலிருந்து தலையை ஆட்டினார், உத்தரவு ரத்து என்கிற மாதிரி. மைதானம் முழுக்க அந்தப் பெஞ்சையே பார்த்தது.

சவரி எழுந்திருக்கவில்லை. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பக்கத்து வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"நீ கேட்டதுதான் ஆறு வருஷமா நடக்குது மணா. அதே நடக்கட்டும்."

மணவாளன் இன்னும் கொஞ்சம் நின்றான். விசில் ஊதினார்கள், போய்விட்டான். ஐந்து பாயிண்டில் தோற்றார்கள். மணவாளன் ஆடிய கடைசி மேட்ச் அது.

அன்றைக்குப் பிறந்தது சவரிராயனின் புகழ். ஜம்புநாதன் மெமோ கொடுத்தார், யூனியன் குறுக்கே நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. அட்டை என்று துப்பிய அதே ஊர் அவனை ஆம்பளை என்றது. பாலக்கரை டீக்கடையில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆள் நின்றது. ஸ்ரீரங்கத்துக்காரர்களேகூட, அய்யங்காரைக் குனிய வைத்துவிட்டான்யா என்று ரகசியமாக ரசித்தார்கள். கொஞ்ச வருஷத்தில் திருச்சிப் பந்தாட்டக்காரர்களிடையே அது ஒரு பேச்சாகவே நிலைத்துவிட்டது. கோச் சொல்லி எவனாவது இறங்க மறுத்தால், "என்னடா, சவரி பண்றியா?" என்பார்கள். அவன் சர்தார்ஜியை ஐந்தில் நிறுத்தியது யாருக்கும் ஞாபகம் இல்லை. வெள்ளைப் பனியனோடு நாற்பது நிமிஷம் மணவாளனைக் கட்டிப் போட்டது ஞாபகம் இல்லை. எத்தனையோ ஆயிரம் தடவை குறுக்கே போய் நின்ற மனுஷனுக்கு, ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருந்ததற்காகப் பேர் கொடுத்த ஊர் இது. இந்த ஊரை என்னவென்று சொல்வது?

அந்தப் பைனலுக்கு மறுநாள் காலை மேலப்புதூர் வீட்டில் அக்னஸ் காப்பியோடு வந்தாள். தெருவில் பேசிக்கொண்டதெல்லாம் அவள் காதுக்கும் வந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் புருஷனை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை அவள்.

"நல்லாக் கேட்டீங்க, போங்க. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி. எனக்கே நெஞ்சு நெறஞ்சு போச்சு."

சவரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். காப்பியை வாங்கிக் கீழே வைத்தான்.

"அந்தப் பையன் வலது பக்கம் ரெண்டடி வெப்பான், நிப்பான், அப்புறம் இடதுல வெட்டுவான். மொதப் பத்து நிமிஷத்துலயே பாத்துட்டேன். கூடக் கொஞ்சம் இடது பக்கம் நெருக்கி நின்னா முடிஞ்சுது, ஒரு பந்து போட்டிருக்க மாட்டான்."

"அப்படிப் போடு. தெரிஞ்சும் எறங்கலல்ல? அதுதான் மருவாத."

"இல்லடி." அவன் முழங்காலைக் காட்டினான். "மடங்கல. ரெண்டு வருஷமாவே மடங்கல, யாருகிட்டயும் சொல்லல. ஷெட்டுல ஈரத்துல நின்னு நின்னு போச்சோ, ஓடாமக் கெடந்து போச்சோ தெரியல. மடங்கியிருந்தா எறங்கியிருப்பேன்."

"அந்தாளு கூப்புட்டா?"

"அந்தாளு கூப்புட்டதுக்காகவே எறங்கியிருப்பேன். பதினோரு வருஷத்துல ஒருத்தன் வந்து, நீ வேணும், உன்னாலதான் முடியும்னு சொன்னான்டி. அவ்வளவு பேரு முன்னாடி. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. நேத்துன்னு பாத்து என்னால எந்திரிக்க முடியல. வாயிக்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அக்னஸ் கீழே வைத்த காப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வெளிய சொல்லிக்காத," என்றான் சவரி. துவாக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்திருக்க அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.